கோழிகள் தின்ற கோடு

கப்பலில் வாந்தி எடுத்ததையும் ரயிலில் நின்றுகொண்டே வந்ததையும் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. அதையெல்லாம் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் கொழும்பில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குப் போனது ஊர் பார்ப்பதற்கு அல்ல. என் மகளின் இடது காலுக்காகப் போனேன்.

மகள் பெயர் சரஸ்வதி. வயது பதினாறு. கான்வென்டில் படிக்கிறாள், டென்னிஸ் ஆடுகிறாள். நன்றாக ஆடுவாள் என்று நான் சொன்னால் தகப்பன் பேச்சு என்பீர்கள். அவளிடம் தோற்ற பெண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். போன ஜூலையில் ஓரப் பந்து ஒன்றுக்கு ஓடி, இடது கணுக்கால் மடங்கி விழுந்தாள். எலும்பில் கீறல். வெள்ளைக்கார டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார், இரண்டு மாதம் கழித்து வெட்டி எடுத்தார், எலும்பு கூடிவிட்டது என்றார். நடந்தாள், மாடிப்படி ஏறினாள். ஆனால் மைதானத்தில் இறங்கினால் அந்தக் காலை ஊன்ற மாட்டாள். நவம்பரில் ஒரு பந்தயத்தில் நாலு கேம் ஆடிவிட்டு மட்டையை வலையில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அத்தனை பேர் பார்க்க.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சுற்றி வளைக்காத மனுஷி, அதனால் எனக்குப் பிடிக்கும். "பிப்ரவரியில் பள்ளிகளுக்கு இடையே போட்டி. அதற்குள் எங்கேயாவது ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்தாள் என்று தெரிந்தால் இடம் இவளுக்கு. இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்கு" என்றார். தோற்றாலும் பரவாயில்லையாம். முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மைத்துனன் புதுக்கோட்டை டவுனில் இருக்கிறான். கறம்பக்குடிப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவர் இருக்கிறார், பொங்கல் கழித்து டவுன் கிளப்பில் பெண்களுக்கு டென்னிஸ் போட்டியும் உண்டு, பெயர் கொடுத்துவிட்டேன் என்று எழுதினான். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கிய அன்றே புறப்பட்டோம்.

கறம்பக்குடி பஸ்ஸைப் பற்றி எழுதாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெட்ரோல்தான் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பு, அதன் புகையில்தான் எஞ்சின் ஓட வேண்டும். ஒருவன் அரைமணி நேரம் விசிறியைச் சுற்றினால் வண்டி ஒரு முனகல் முனகும். மேடு கண்டால் நின்றுவிடும்.

"எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க. மேடு வருது" என்றார் டிரைவர்.

மூன்றாவது மேட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கால் சரியில்லாத பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை தடவை இறங்குவது? "கரி வடிகட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்?" என்று கேட்டேன்.

"தீவாளிக்குச் செஞ்சமுங்க."

"எந்தத் தீபாவளி?"

அவர் யோசித்தார். நான் சட்டையைக் கழற்றி, அவருடைய ஸ்பேனரையே வாங்கி, வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கூடை புகைக்கரி. கொட்டித் தட்டி மாட்டினேன். அடுத்த மேட்டில் ஒருவரும் இறங்கவில்லை. "கொழும்பாரே, நீங்க இங்கிட்டே இருந்துருங்களேன்" என்றார் டிரைவர். அதிலிருந்து அந்தப் பக்கத்தில் எனக்குப் பெயரே கொழும்பார்தான். முகம் கழுவிய தண்ணீர் மூன்று நாள் கறுப்பாக வந்தது.

கறம்பக்குடிக்கு இரண்டு மைல் இருக்கும்போது ரோட்டோரத்தில் வைத்தியர் வீடு. பக்கத்தில் கட்டுப் போட வருகிறவர்கள் தங்க ஒரு கொட்டகை. எங்களுக்கு முன்னே பனையிலிருந்து விழுந்தவர் ஒருவரும் மாடு முட்டியவர் ஒருவரும் அங்கே குடியிருந்தார்கள். வைத்தியர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சரஸ்வதியை நடக்கச் சொன்னார். திடீரென்று அவள் இடது பக்கம் தரையில் ஒரு கட்டு மூங்கில் பத்தையைத் தொப்பென்று போட்டார். அவள் வலது காலில் துள்ளினாள்.

"எலும்பு நல்லாருக்கு. நரம்பு எறுகிக் கெடக்கு. பத்து நாள் எண்ணெய் போட்டுப் பிடிச்சு விடுறேன்" என்றார்.

"பிறகு ஓடுவாளா?"

"ஓடலாம். ஓட வைக்கிறது என் வேலை இல்லைங்க."

பத்து நாளும் காலையில் எண்ணெய், உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்த பற்று, துணிக்கட்டு. புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது. பத்தியம் அவளுக்குத்தான் என்றாலும் சமைக்கிற அடுப்பு ஒன்று என்பதால் நானும் பத்தியம். கொழும்பில் காலையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று பழகிய வாய். இங்கே கம்பங்கூழும் மோரும். முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். நாலாம் நாள் இரண்டாவது சட்டி கேட்டேன். மத்தியானம்வரை பசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சமைத்துப் போட்டது வைத்தியர் சம்சாரம் தெய்வானை. முப்பது வயது இருக்கும். என்னை அண்ணே என்று கூப்பிட்டது, சரஸ்வதியைத் தாயி என்று கூப்பிட்டது. புருஷன் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசும்.

பதினோராம் நாள் கட்டுப் பிரித்தாயிற்று. ஆடிப் பழக இடம் வேண்டும். அந்தச் செம்பொறைப் பூமியில் எங்கே பார்த்தாலும் சரளைக் கல். சமமாக இருந்த ஒரே இடம் ஊர்ப் பொதுக் களம். கெட்டித்துச் சாணி மெழுகி, சிமெண்டுத் தரைபோல் கிடந்தது. அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை ஆடிக்கொள்ளலாம் என்று தெய்வானை ஊராரிடம் பேசி வாங்கிக் கொடுத்தது. நான் சந்தோஷத்தில் நேரே களத்தின் நடுவில் போய் நின்று நீள அகலம் அளந்தேன். ஒரு பெரியவர் குடத்துத் தண்ணீர் கொண்டுவந்து நான் மிதித்த இடமெல்லாம் தெளித்துப் பெருக்கினார். அப்புறம்தான் என் காலில் சப்பாத்து இருப்பதைப் பார்த்தேன்.

"நெல்லு கொட்டுற எடம்ண்ணே. எங்க வீட்டு மாப்பிள்ளையே வந்தாலும் கழட்டிப் போட்டுட்டுத்தான் ஏறணும்" என்றது தெய்வானை.

"சப்பாத்து இல்லாமல் டென்னிஸா?"

"சப்பாத்துன்னா?"

சரஸ்வதியின் வெள்ளைக் கான்வாஸ் ஜோடியைக் காட்டினேன். எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதைப் போட்டாக்க தரை எங்க இருக்குன்னு காலுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. களம் அவர்களுடையது, அடக்கிக்கொண்டேன். முளை அடிக்கக் கூடாது, சுண்ணாம்பு கொட்டக் கூடாது என்று இன்னும் இரண்டு சட்டம். சுண்ணாம்புக் கட்டி நெல்லில் கலந்தால் யார் பொறுக்குவது?

வலை கறம்பக்குடிச் சந்தையில் கிடைத்தது. கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு ராவுத்தரிடம் பழைய வலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்ன மீனுக்கு வேணுங்க?"

"மீனுக்கு இல்லை பாய். பந்துக்கு."

"பந்துக்கா? அப்ப இந்தக் கண்ணு போதும். நண்டே தப்பாது."

களத்துக்கு வெளியே இந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி, அந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி. நடுவே வலை. வாடை பொறுக்க முடியாது. ஊரிலுள்ள காக்கைகள் எல்லாம் ஒரு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போயின.

கோடுதான் பாக்கி. மறுநாள் விடிந்து போய்ப் பார்க்கிறேன், கோடு போட்டு முடித்துவிட்டது தெய்வானை. அரிசி நொய்யை இடித்த மாவு. மார்கழி மாதம் அல்லவா, நாலு மூலையிலும் சாணி உருண்டை வைத்து அதில் பரங்கிப்பூவும் செருகியிருந்தது. நடுவில் ஒரு தாமரைக் கோலம்.

"அரிசிக்கு ஊரே அல்லாடுகிறது. கோடு போட மாவா?" என்று கத்தினேன்.

"வாசலுக்குப் போடலையா? கல்லு மாவு போட்டா நெல்லுல சேந்து பல்லு போயிரும்ண்ணே. இதுன்னா எறும்பு திங்கும், குருவி திங்கும். புண்ணியம்."

கோலத்தை அழிக்கச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அதன் மேலேயே ஆடினோம்.

ஆடினோம் என்பது பெரிய வார்த்தை. எதிர்ப் பக்கம் நான் நின்றேன். ஸ்பேனர் பிடிக்கிற கை. என் பந்துகள் வானத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போயின. இருந்ததே ஆறு பந்து, அதுவும் யுத்தத்துக்கு முந்திய மொட்டைப் பந்து. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தது.

"மட்டையக் கீழ வைங்கண்ணே. பாவமா இருக்கு."

கையாலேயே எறிந்தது. சோளக்கொல்லையில் கவண் வீசிக் கிளி விரட்டிய கை அது. கண் வைத்த இடத்தில் பந்து விழுந்தது. சரஸ்வதி எந்தப் பக்கம் போகத் தயங்குகிறாள் என்பதை நாலு எறியில் கண்டுகொண்டு, அந்த இடது பக்கமே எறிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் என் மகள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் பந்து கொஞ்சம் அகன்று வந்தால் அவள் பந்தைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறாள். "அவுட் அத்தை" என்று விட்டுவிடுகிறாள். பாதி அவுட் இல்லை. அதைவிடக் கேவலம், அவள் விடுவதற்கு முன்னாலேயே "விடு, விடு!" என்று கத்துவது நான்தான். கால் மடங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். எலும்பு முறிகிற சத்தம் மைதானத்துக்கு வெளியே கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது.

"அவுட்டுன்னா என்னா தாயி?" என்றது தெய்வானை.

"கோட்டுக்கு வெளிய போயிருச்சு. ஓட வேண்டியதில்லை."

"வெளிய போச்சுன்னா யாரு போய் எடுத்துட்டு வாரது? நானா?"

பிறகு என்னைப் பார்த்தது. "அண்ணே, நீங்க இங்கிட்டு நின்னு தொண்டையக் கிழிக்காதீங்க. கோழி வருது பாருங்க, அதை விரட்டுங்க."

கோழிகளுக்கு அந்தக் கோடு விருந்து. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து கொத்தும். பட்டறையில் எட்டுப் பேரை வேலை வாங்குகிற எனக்கு அந்த ஊரில் கிடைத்த உத்தியோகம், கையில் குச்சியோடு கோழி விரட்டுவது. ஐந்து நாள் செய்தேன். கோட்டில் ஒரு விரல் மாவுகூடக் குறையாமல் காத்தேன்.

ஆறாம் நாள் ரோட்டில் அந்தக் கரி பஸ் வந்து நின்றது. நின்ற சத்தத்திலேயே எனக்கு நோய் தெரிந்துவிட்டது. டிரைவர் அங்கிருந்தே, "கொழும்பாரே!" என்று கூப்பிட்டார். குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன். குழாயில் வெடிப்பு. சணலும் களிமண்ணும் வைத்துச் சுற்றிக் கட்டி, வண்டியைக் கிளப்பிவிட ஒருமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பயணிகள் கும்பிட்டார்கள். பெருமையாகத் திரும்பி வந்தேன்.

களத்தில் கோடு இல்லை. இடது பக்கக் கோடு முழுதும் போய்விட்டது, வலது பக்கத்தில் இரண்டு முழம் பாக்கி, தாமரையில் ஓர் இதழ். ஏழு கோழிகள் இரைப்பை புடைக்க நடந்துகொண்டிருந்தன.

ஆட்டம் நிற்கவில்லை. தெய்வானை இடது பக்கம் ஒன்று எறிந்தது. சரஸ்வதி வழக்கம்போல் கீழே பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. பந்து போய்விட்டது.

"அவுட்டா தாயி?"

"தெரியலை அத்தை."

"தெரியலைன்னா ஓட வேண்டியதுதானே! ஒனக்காக கோழி வயித்துக்குள்ள போயா பாக்க முடியும்?"

அடுத்ததும் இடது பக்கம். நான் "விடு" என்று வாயைத் திறந்தேன். எதை வைத்து விடச் சொல்வது? கோடு எனக்கும்தான் தெரியவில்லை. வாயை மூடினேன். அவள் ஓடினாள். இரண்டு எட்டு, மூன்றாவது எட்டில் இடது கால் வெறும் பாதமாக மெழுகிய தரையில் பட்டென்று விழுந்தது. முகம் சுருங்கியது. வலி இல்லை, வலி வரும் என்று எதிர்பார்த்த முகம் அது. பந்தைத் தொட்டாள், அது வண்டிக்கடியில் போய் விழுந்தது.

"அப்படித்தான்! இன்னொண்ணு வருது" என்றது தெய்வானை.

பிறகு பொங்கல்வரை கோடு போடவில்லை. கேட்டதற்கு, "நொய்யி தீந்துருச்சு" என்றது தெய்வானை. அன்று மத்தியானம் எங்களுக்கு நொய்க்கஞ்சிதான் ஊற்றியது.

பொங்கலுக்கு மூன்றாம் நாள் முதல் கதிர்க்கட்டு களத்துக்கு வந்தது. வண்டிகள் வேலைக்குப் போய்விட்டன. வலையைச் சுருட்டித் தெய்வானையிடம் கொடுத்தேன், புடலைக்குப் பந்தல் போடப் போவதாகச் சொன்னது. இரண்டு நாள் கழித்துத் தெய்வானையும் சேர்ந்து மூவரும் டவுனுக்குப் புறப்பட்டோம். வைத்தியர் வரவில்லை, கட்டுப் போட ஆள் காத்திருந்தது. பஸ் ஒரு மேட்டிலும் நிற்கவில்லை.

கிளப்பின் மைதானமும் சாணி மெழுகியதுதான். ஆனால் கோடு சுண்ணாம்பில் அடித்தது, கண்ணைப் பறிக்கிற வெள்ளை. சப்பாத்து இறுக்குகிறது என்றாள் சரஸ்வதி. மூன்று வாரத்தில் பாதம் அகன்றுவிட்டிருந்தது. எதிரே ஆடியவள் திருச்சியிலிருந்து வந்த ஓர் அதிகாரியின் மகள். நல்ல உயரம், நல்ல கை.

முதல் செட் இரண்டுக்கு ஆறு என்று போயிற்று. பழைய கதை. பந்து அகன்று வந்தால் இவள் கண் கோட்டுக்குப் போகிறது. விட்ட பந்தில் மூன்று கோட்டின் மேலேயே விழுந்தன. நான் "விடு" என்று ஒரு தடவை கத்தினேன். அம்பயர் உயர நாற்காலியிலிருந்து என்னை விரல் காட்டி எச்சரித்தார். சரஸ்வதி தண்ணீர் குடிக்க வந்தாள். மட்டையைப் பெஞ்சில் சாய்த்து வைத்தாள். நவம்பரில் வைத்த அதே மாதிரி.

தெய்வானை வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே வரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை, அது எதிர்பார்க்கவும் இல்லை. அங்கிருந்தே கொல்லையில் கிளி விரட்டுகிற குரலில் ஒரு சத்தம் போட்டது.

"தாயி! கோழி வந்துருச்சு! எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிருச்சு!"

நாற்காலிகளில் இருந்த கனவான்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்பயருக்கு எச்சரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. சரஸ்வதி தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு மைதானத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது செட் ஆறுக்கு நாலு, இவளுக்கு. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து. பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆறு. கடைசி கேமில் இன்னும் ஒரு பாயிண்ட் போனால் ஆட்டம் முடிந்தது என்ற இடத்தில், எதிராளி இவளுடைய இடது பக்கம் ஓங்கி அடித்தாள். அடித்தபோதே தெரிந்தது, அவுட். அரை முழம் வெளியே போகிற பந்து. விட்டால் பாயிண்ட் நமக்கு. நான் எழுந்து நின்று "விடு!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் விடவில்லை. பாய்ந்தாள். பந்து தரையில் விழுமுன்பே எட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு அடித்தாள். பந்து வலையில் மோதி விழுந்தது.

ஆட்டம் முடிந்தது. தோற்றுவிட்டாள்.

அம்பயர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. நான் அவள் ஊன்றிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாணித் தரையில் இடது சப்பாத்தின் தடம், குதியிலிருந்து நுனிவரை ஆழமாகப் பதிந்திருந்தது.

"என்னண்ணே, முடிஞ்சுருச்சா?" என்றது வேலிக்கு வெளியிலிருந்து தெய்வானை.

"முடிந்தது."

"செயிச்சுருச்சா?"

"இல்லை."

"பெறகு ஏன் பல்லைக் காட்டுறீங்க?"

சரஸ்வதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. சப்பாத்தைக் கழற்றிக் கால் விரல்களை விரித்துவிட்டுக்கொண்டாள்.

"அது அவுட்" என்றேன்.

"ஆமாப்பா. அரை முழம்."

"தெரிஞ்சேதான் ஓடினியா?"

"ஓடினப்புறந்தான் தெரிஞ்சுது."

இப்படி ஒரு பாயிண்டை வீணாக்கியதற்கு வேறொரு நாளாயிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பேன்.

கிளப்பிலிருந்து நேரே தந்தி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா இளைஞர், சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். சிஸ்டருக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொன்னேன்: "மூன்று செட்டும் ஆடி முடித்தாள். இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்." அவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு போட வேணாமா சார்?"

"அதை அவர்கள் கேட்கவில்லை."

அவர் தாளை ஒரு தடவை படித்துப் பார்த்துத் தயங்கினார். "கொஞ்சம் அதட்டுற மாதிரி இருக்குங்களே. 'தயவுசெய்து'ன்னு ஒண்ணு சேத்துக்கிடவா?"

என் பட்டறைக் கடிதங்கள் எதிலும் அந்த வார்த்தை இருந்தது கிடையாது.

"சேர்த்துக்கொள்ளும்" என்றேன்.